இரண்டு முடி அணிந்த அரசர்

மொன்ட்ரியாலில் ஓர் அருங்காட்சியகத்தில், எகிப்து அரசர் ஒருவரின் சிலைக்கு முன்னால் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். அறுபது வயதிருக்கும். கோயிலுக்குள் நிற்பவர்போல, கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். ஒவ்வொரு சிலைக்கு முன்னாலும் அப்படித்தான் நின்றார். நான் போனில் தமிழ் பேசியதைக் கேட்டுவிட்டு, “தங்கச்சி, பிரெஞ்சில என்ன எழுதிக் கிடக்கு?” என்றார்.

வாசித்துச் சொன்னேன். வெள்ளை மணிமுடி தெற்குக்கு, சிவப்பு மணிமுடி வடக்குக்கு. நாடு ஒன்றான பிறகு அரசர் இரண்டையும் சேர்த்து அணிந்தார்.

“சண்டையில ஆர் வெண்டது?”

“தெற்குதான் அண்ணா. தெற்கு ராஜா வடக்கைப் பிடிச்சிருக்கார்.”

அவர் சிலையின் தலையை நிமிர்ந்து பார்த்தார்.

“நான் யாழ்ப்பாணம். எங்கட நாட்டில தோத்தது வடக்கு,” என்றார். “இவன் தோத்தவன்ர முடியைத் தன்ர தலையில வைச்சிருக்கிறான். அது மரியாதையோ, இல்லாட்டி அதையும் பறிச்சதோ?”



அவர் மறுபடி சிலையை நிமிர்ந்து பார்த்தார். “மரியாதை எண்டே வைச்சுக்கொள்ளுவம்,” என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

தோற்ற பக்கத்து மனிதர் அவர். அப்படிச் சொல்ல அவருக்கு எப்படி மனம் வந்தது என்று இன்னமும் யோசிக்கிறேன்.