ரவி கையை மறித்தால் போதும்: குத்தாலத்திலிருந்து சீர்காழிக் கல்யாணத்துக்கு

போன ஆவணிக் கடைசியில், ஒரு முகூர்த்தத்துக்கு முந்தின நாள் தஞ்சாவூரிலிருந்து குத்தாலம் கிளம்பினேன். கிளம்பியது கல்யாணத்துக்கு அல்ல, வேலைக்கு. நான் நர்ஸ். அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்கள் தங்கியிருக்கும் இல்லங்களுக்குப் போய், அங்கே வேலை பார்ப்பவர்களுக்குக் குழாய் வழி உணவு, இன்சுலின் ஊசி, வலிப்பு வந்தால் செய்ய வேண்டியது எல்லாம் சொல்லிக்கொடுக்கிறேன். இதே வேலையாக டெல்டா பக்கம் போகிறவர்களுக்கு இந்தக் குறிப்பு உதவும்.

காலை 6.10க்கு பஸ். கும்பகோணத்தில் மாறி, 8.45க்குக் குத்தாலம். இரண்டு டிக்கெட்டும் சேர்த்து அறுபத்தைந்து ரூபாய். அங்கிருந்து இல்லம் இரண்டு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு எண்பது. பேரம் பேசிப் பார்த்தேன், பலிக்கவில்லை.

இந்தத் தடவை பாடம் ஒரே ஒருவருக்காக. ரவி, வயது நாற்பத்தொன்று. பேச்சு வராது, வேண்டியதைக் கையால் சொல்வார். விழுங்கும் சாப்பாடு நுரையீரலுக்குப் போக ஆரம்பித்ததால், இரண்டு வருஷமாக வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகத்தான் உணவு. மறுநாள் சீர்காழியில் அவருடைய அக்கா மகளுக்குக் கல்யாணம். ரவிதான் ஒரே தாய்மாமன். முடிந்ததும் மூன்று நாள் அக்கா வீட்டில் தங்க ஏற்பாடு. குழாய் வைத்ததிலிருந்து அவர் அந்த வீட்டுக்குப் போனதே இல்லை. கூடப் போகும் பராமரிப்பாளர் செல்வியின் பயிற்சித் தாளில் நான் கையெழுத்துப் போட்டால் தங்கலாம். இல்லாவிட்டால் மதியமே இல்லத்துக்குத் திரும்ப வேண்டும்.

செல்வி கெட்டிக்காரி, முப்பது வயசு இருக்கும். கை கழுவுவது, ரவியை நிமிர்த்தி உட்காரவைப்பது, குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது, இருநூறு மில்லி உணவை அழுத்தாமல் தானாக இறங்கவிடுவது, கடைசியில் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுவது. மதியமும் சாயங்காலமும் ஒரு தப்பு இல்லை. மூன்றாவது தடவையும் சரியாகச் செய்தால் பாஸ். நான் பேனாவைத் திறந்தே வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை ஆறு மணி. இருநூறும் இறங்கியது. ரவி உள்ளங்கையை விரித்து வயிற்றை மறித்தார். செல்வி சிரித்துக்கொண்டே இன்னொரு டம்ளரை எடுத்தாள்.

"என்னம்மா அது?"

"பிரயாணம் போறவரு சிஸ்டர். வயிறு நிறைஞ்சு போகட்டுமே."

"அவர் கையப் பாரு, போதும்ங்கிறாரு. பந்தியில ஒருத்தர் இலைய மறிச்சா மேல ஊத்துவியா?"

"ஊத்துவோமே!" என்றாள்.

சிரித்துவிட்டேன். இந்த உதாரணத்தை வேறு ஊரில் சொல்லியிருக்க வேண்டும். இங்கே மறித்த இலையில் ஊற்றாமல் போனால்தான் கோபித்துக்கொள்வார்கள். "இலையில ஊத்தினா வழிஞ்சுடும். வயித்துல ஊத்தினா மேல ஏறி நுரையீரலுக்குப் போகும்," என்று சொல்லிப் பேனாவை மூடினேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. நானும் கூட வருகிறேன், மதியம் மண்டபத்தில் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றேன்.

ஒரு மணி நேரம் ரவியை நிமிர்ந்தபடியே வைத்திருந்து, 7.15க்கு வேன். முப்பத்திரண்டு கிலோமீட்டர், வாடகை இரண்டாயிரத்து இருநூறு. மயிலாடுதுறை தாண்டியதும் குறுவை நெல்லைப் பாதி ரோட்டில் காயப்போட்டிருந்தார்கள். "அறுப்பு முடியற வரைக்கும் இப்படித்தாங்க," என்றார் டிரைவர். ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. ரவி வழி முழுக்கத் தன் பட்டுவேட்டிக் கரையைத் தடவிக்கொண்டே வந்தார்.

மாமன் மாலையை அவரே போட்டார். பெண் நன்றாகக் குனிந்துகொடுத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பன்னிரண்டரைக்குப் பந்தி ஓரமாக ரவிக்கு நாற்காலி போட்டு, செல்வி ஆரம்பித்தாள். நான் எதிர் இலையில் உட்கார்ந்து பார்த்தேன். எல்லாம் முடிந்த நேரம், ரவியின் அக்கா கமலா பாயசத்தை வடிகட்டி ஒரு டம்ளரில் கொண்டுவந்தார்.

"மாமனுக்குப் பாயசம் இல்லாம கல்யாணமா? கொஞ்சூண்டு குழாயில விடும்மா."

ரவியின் உள்ளங்கை விரிந்தது. செல்வி என் பக்கம் திரும்பவே இல்லை. டம்ளருக்கும் குழாய்க்கும் நடுவில் தன் கையை வைத்தாள்.

"வேணாங்க்கா. அவரு போதும்னுட்டாரு."

"என் தம்பிக்கு நான் குடுக்கக் கூடாதா?"

"நாலரை மணிக்கு அடுத்த வேளை. நீங்களும் பக்கத்துல உக்காருங்க. இப்ப வேணாம்."

கமலா தம்பியின் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டம்ளரை இறக்கிக்கொண்டார். நான் இடது கையால் தாளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கையெழுத்துப் போட்டேன். ரவி தங்கினார். 2.10 பஸ்ஸில் நான் மட்டும் திரும்பினேன்.

போகிறவர்களுக்கு: ஒருவருக்காகப் பெற்ற பயிற்சி இன்னொருவருக்குச் செல்லாது, ஆளுக்கு ஆள் தனியாகப் பாருங்கள். உணவு கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து வண்டி ஏற்றுங்கள். அறுப்புக் காலத்தில் ரோட்டுக்கு அரை மணி கூடுதலாக வையுங்கள். பரீட்சையை வகுப்பறையோடு நிறுத்தாமல் விருந்து நடக்கிற இடத்திலும் ஒரு தடவை வைத்துப் பாருங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால், கமலா அதே டம்ளரோடு என் முன்னால் நின்றார். இரண்டு கையாலும் இலையை மறித்தேன். ஊற்றிவிட்டுத்தான் நகர்ந்தார். அந்தப் பந்தியில் மறித்த கைக்கு மரியாதை கிடைத்தது ரவி ஒருவருக்குத்தான்.