பன்னிரண்டாவது படம்

"சனியன், மறுபடியும் மக்கர் பண்ணுது!" என்று கேமராவின் தலையில் இரண்டு தட்டு தட்டுகிறார் போட்டோ அக்கா. கேமராவுக்கு ஒரு கேடும் இல்லை. வயிற்றோடு அணைத்துத் திட்டிக்கொண்டே பட்டனை அழுத்தியாகிவிட்டது. எதிரே ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து மீசையைச் சீவிக்கொண்டிருந்தவர் படத்தில் மாட்டிக்கொண்டார். "நல்ல கேமராவைப் பார்த்தா ஜனங்க விறைச்சுப்போய் நிப்பாங்க. கெட்டுப்போன கேமராவை யாரு சார் திரும்பிப் பார்க்கறாங்க?" என்பது அக்காவின் கண்டுபிடிப்பு.

பத்து மணிக்கு மேல் அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். அதற்கு முன் படகுத்துறை, சந்தை, பஸ் நிலையம் என்று ஒரு சுற்று; துணைக்கு நானும் போவேன். சத்தமே எழாத ரப்பர் செருப்பு, வீட்டுக்காரருடைய பழைய சட்டை. "ஊர்ல இருக்கற அத்தனை பேர் மூஞ்சியும் இவகிட்ட இருக்கு. எங்க கல்யாண ஆல்பத்தை எங்க வெச்சான்னுதான் தெரியல" என்று அலுத்துக்கொள்கிறார் அந்த வீட்டுக்காரர்.

எடுத்த கையோடு அக்கா நேரே அந்த ஆளிடம் போய்விடுவார். "உங்களைக் கேக்காம எடுத்துட்டேன். வெச்சுக்கவா, அழிச்சிடவா?" மீசைக்காரர் உற்றுப் பார்த்துவிட்டு, "தொப்பையை மட்டும் கொஞ்சம் குறைச்சுக் குடுங்க" என்றார். வேண்டாம் என்று யாராவது சொன்னால் மறுபேச்சே கிடையாது. அவர்கள் கண்ணெதிரே அழித்துவிடுவார். எத்தனையோ நல்ல படங்கள் அப்படிப் போயிருக்கின்றன. எனக்கு வயிறு எரியும். "திருடினதைத் திருப்பிக் குடுக்கறேன், அவ்வளவுதான்" என்பார்.

இருபது வருஷம் இப்படி எடுத்த பிறகு இப்போதுதான் ஊர் நூலகம் அவருடைய படங்களைக் கண்காட்சியாக வைக்கிறது. பன்னிரண்டு படங்கள். பதினொன்று கொடுத்தாயிற்று. வாசலுக்கு நேர்ச்சுவரில் பெரிதாக மாட்ட வேண்டிய பன்னிரண்டாவதை, மீசைக்காரரை எடுத்த அன்று மதியத்துக்குள் கொடுத்தாக வேண்டும். ஒரு மாதமாகத் தேடியும் மனசுக்குப் பிடித்தது அமையவில்லை.

ஒன்பது மணிக்கு அலை தடுப்புப் பாறையில் அது அமைந்தது. இஸ்திரி கலையாத சட்டை, டை, ஆபீஸ் பை. மதியச் சாப்பாட்டு டப்பாவை அப்போதே திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் சாப்பிடுகிறார். பக்கத்துப் பாறையில் ஒரு கடற்பறவை டப்பாவையே பார்க்கிறது. அவர் விரலை நீட்டிச் சிரித்தபடி அதைக் கண்டிக்கிறார். பின்னால் ஆளுயர அலை. கேமராத் திரையில் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. "கிடைச்சிடுச்சு சார், கிடைச்சிடுச்சு" என்றார் அக்கா.

வழக்கம்போல நேரே போய்க் காட்டினார், நூலகத்தைப் பற்றியும் சொன்னார். அந்த மனிதர் முகத்தில் சிரிப்பு வடிந்துவிட்டது.

"அழிச்சிடுங்கக்கா. எனக்கு வேலை போய் மூணு மாசம் ஆச்சு. நான் ஆபீஸ்ல இருக்கேன்னுதான் வீட்டுல நினைச்சிட்டிருக்காங்க. என் பொண்ணு தினமும் அந்த லைப்ரரிக்குப் போறவ."

முகம் தெரியாமல் வெட்டிப் போடலாமே என்று நான் காதில் ஓதினேன். "அந்தச் சிரிப்புதான் சார் படமே" என்று சொல்லி, அக்கா அழித்தார். 

அந்த மனிதருக்கோ இன்னும் நிம்மதி வரவில்லை. தயங்கித் தயங்கி, "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. அழிச்சதையும் மெமரி கார்டுலேர்ந்து திரும்ப எடுத்துடலாம். நான் பார்த்த வேலையே அதுதான்" என்றார்.

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. விடியற்காலையிலிருந்து எடுத்த படம் அத்தனையும் அந்த ஒரு கார்டில்தான். மீசைக்காரரும் அதில்தான் இருந்தார். வேறு வழியில்லாவிட்டால் அவரையாவது நேர்ச்சுவரில் மாட்டியிருக்கலாம்.

அக்கா கேமராவின் பக்கவாட்டு மூடியைத் திறந்தார். கார்டை உருவி, சட்டை நுனியில் ஒருமுறை துடைத்து, அவருடைய சாப்பாட்டு டப்பா மூடியில் வைத்தார்.