இன்னாசி சார் சுட்ட கோழியும் என் வயிற்றெரிச்சலும்

இன்னாசி சார் இறந்துவிட்டார். நேற்றுக் காலை... மாரடைப்பு. வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எங்கள் பள்ளியில் அவர் பி.டி. மாஸ்டர், நான் கணக்கு. ரிட்டயர் ஆன பிறகும் ஸ்கெலட்டன் சுரங்கக் குடியிருப்பில் ஒரே லைன், நாலு வீடு தள்ளி. இன்று மதியம் அடக்கம் முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தோம்.

பழைய மாணவர்கள் எல்லோரும் இந்த குரூப்பில் அவர் விசிலைப் பற்றியும் கபடி டீமைப் பற்றியும் எழுதுகிறீர்கள். எழுதுங்கள். நான் எழுதப்போவது அவர் சுட்ட கோழியைப் பற்றி. அதைப் பார்த்து எனக்கு வந்த பொறாமையைப் பற்றி. அது இன்னும் போகவில்லை.

என் மனைவி மல்லிகாவுக்குப் போன வருஷத்திலிருந்து கேன்சர் ட்ரீட்மென்ட் நடப்பது உங்களில் பலருக்குத் தெரியும். பெங்களூரில் மருந்து ஏற்றிக்கொண்டு ரயிலில் திரும்பினால், பல நாள் சோறு இறங்காது. "வாயெல்லாம் துரு புடிச்ச மாதிரி இருக்குங்க" என்பாள். சாப்பிட்டு உடம்பு தேறினால்தான் அடுத்த மருந்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

நான் செய்து பார்க்காதது இல்லை. இட்லி, கஞ்சி, ஓட்ஸ், சூப்... ஒரு ஸ்பூன் எடுப்பாள். "நல்லாதான் இருக்குங்க, போதும்." தட்டு நகர்ந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்னாசி சார் வீட்டுப் பக்கமிருந்து புகை வந்தது. படுத்திருந்த மல்லிகா எழுந்து உட்கார்ந்து, "இன்னாங்க வாசனை அது?" என்றாள்.

தட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். மனுஷன் தரவில்லை.

"பார்சல்லாம் கெடையாது கணக்கு சார். தங்கச்சிய இட்டுக்கினு வாங்க. சூட்டோட சாப்புடணும்."

அவருடைய அப்பா மைன்ஸ் மில்லில், கல்லை அரைத்துச் சயனைடு போட்டுத் தங்கம் பிரிக்கிற இடத்தில், வேலை செய்தவர். கல் சலிக்கிற இரும்பு வலை, அங்கே கழித்துப் போட்டது, அவர்கள் வீட்டில் கிடந்தது. நாலு செங்கல், நடுவில் கரி, மேலே அந்த வலை. தயிர், மிளகு, பூண்டு, எலுமிச்சை பூசி ஊறவைத்த கோழி, தோலோடு.

பக்கத்துச் சின்ன அடுப்பில் சாமை. பாலும் தண்ணீரும் ஊற்றிக் கிண்டிக்கொண்டே இருப்பார். கடைசியில் வெண்ணெய், மிளகுத்தூள். உதாரணம் சொன்னால்தான் புரியும்... பாயசத்தில் சர்க்கரைக்குப் பதில் உப்பு போட்டு, இன்னும் கொஞ்சம் கெட்டியாக்கினால் எப்படி இருக்கும்? கரண்டியைக் கவிழ்த்தால் தயங்கித் தயங்கி விழும். அந்தப் பதம்.

மல்லிகா தட்டைக் காலி செய்தாள். இன்னும் கொஞ்சம் என்று கேட்டாள்.

எனக்குச் சந்தோஷம்தான். வயிறும் எரிந்தது.

"பாத்து மல்லிகா, மில்லுல கெடந்த வலை. சயனைடு இருக்கப்போவுது."

"இருந்தா இருக்கட்டும். உங்க ஓட்ஸுக்கு இது தேவல."

அதற்கப்புறம் ஞாயிறு என்றால் அவர் வீடுதான்.

நானும் விடவில்லை. ஆன்லைனில் எலக்ட்ரிக் கிரில் வாங்கினேன். கோழி, போர்டு துடைக்கிற டஸ்டர் மாதிரி வந்தது. சாமை அடிபிடித்தது. இன்னாசி சார் வந்து பாத்திரத்தை எட்டிப் பார்த்தார்.

"சாமைய வெச்சிட்டு பேப்பர் படிச்சிக்கினு இருந்தீங்களா? இது இன்னா உங்க கிளாஸா சார், கணக்கு குடுத்துட்டு சேர்ல உக்கார்றதுக்கு?"

மல்லிகா விழுந்து விழுந்து சிரித்தாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு! என் வீட்டு அடுப்படியில் நின்று, என் மனைவியைச் சிரிக்கவைத்துவிட்டு, தன் பாட்டுக்குப் போய்விட்டார் அவர்.

இதெல்லாம் சின்னப் பொறாமை. பெரியது வேறு.

ஒரு ஞாயிறு அவளை அழைத்துவரப் போனபோது, வாசலிலேயே அவள் குரல் கேட்டது. "பயமா இருக்குண்ணா."

என்னிடம் அவள் அதைச் சொன்னதே இல்லை. எப்போது கேட்டாலும் "ஒண்ணும் இல்லீங்க, நல்லாதான் இருக்கேன்."

இன்னாசி சார் கோழியைத் திருப்பிப் போட்டபடியே, "பயமா இருந்தா இருந்துட்டுப் போவுதும்மா. லெக் பீஸ் ஆயிடுச்சு, புடி" என்றார்.

அவ்வளவுதான். அவளும் வாங்கிக் கடித்தாள்.

நானாக இருந்தால் அரைமணி நேரம் ஆறுதல் சொல்லியிருப்பேன். உதாரணங்களோடு.

நேற்றுச் செய்தி வந்ததிலிருந்து மல்லிகா ஒன்றும் சாப்பிடவில்லை. வருகிற புதன்கிழமை அடுத்த மருந்து.

கல்லறையில் மண் போடும்போதும் எனக்கு அதே நினைப்பு... இனி இவள் எதைச் சாப்பிடுவாள்? சுற்றி எல்லோரும் அழுகிறார்கள். எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சாமை வைத்தேன். கோழி இன்றைக்கு வேண்டாம் என்று இருவருக்குமே தோன்றியது. அடுப்பை விட்டு நகராமல் கிண்டினேன்.

தட்டை நீட்டினேன். ஒரு வாய் எடுத்தாள். "நல்லாதான் இருக்குங்க, போதும்" என்று வரப்போகிறது என நினைத்துக்கொண்டு நின்றேன்.

"உப்பு கம்மி."

இன்னொரு வாய்.

"பாலும் பத்தல. நாளைக்கு இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

சொல்லிவிட்டுச் சாப்பிட்டாள். கண்ணிலிருந்து வழிந்துகொண்டே இருந்தது. துடைக்கவும் இல்லை, சாப்பிடுவதை நிறுத்தவும் இல்லை.

இன்னாசி சார்... பாதித் தட்டு சாப்பிட்டாள். உங்கள் வீடாக இருந்தால் இரண்டாவது முறை கேட்டிருப்பாள். தெரியும்.

போய் வாருங்கள்.