காணாமல் போன ஐந்நூறு பாயிண்ட்

திங்கட்கிழமை காலை ஃபைலைத் திறந்தபோது தலையில் பாதி காணவில்லை.

எண்பதுகளின் கடைசி வருடங்கள். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். கண்காட்சி ஒன்றில் திரையில் வாய் திறந்து பேசுகிற ஒரு கிழவரின் தலையைச் செய்து தரும்படி மெட்ராஸ் கம்பெனி ஒன்று கேட்டிருந்தது. உடன் வேலை பார்த்த ரஹீம் பிளாஸ்டரில் தலை செய்து, அதன்மேல் பென்சிலால் கட்டம் போட்டு, ஒவ்வொரு மூலையாக அளந்து சொல்வான். நான் அந்த எண்களை டைப் அடிப்பேன். புள்ளிகளைக் கோடுகளால் இணைத்தால் சின்னச் சின்ன பாலிகன்களாலான வலை வரும். அதற்கு மெஷ் என்று பெயர். ஆயிரத்து இருநூறு பாயிண்ட் அடித்திருந்தேன். தலையைத் திருப்பினால் மெமரி போதாமல் மெஷின் நின்றுவிடும். அந்த வாரம் வெள்ளிக்கிழமை மெட்ராஸ்காரர்கள் வருவதாக இருந்தது.

இப்போது எழுநூறுதான் இருந்தது.

முதலாளி என்னைத்தான் சந்தேகப்பட்டார். "டைப் அடிச்சது நீதானேம்மா? அடிக்காமலே அடிச்சேன்னு சொன்னியா?"

நான் ரஹீமைச் சந்தேகப்பட்டேன். மெட்ராஸில் வேலை தேடுகிறான் என்று கேள்வி. சனிக்கிழமை கடைசியாகக் கதவைப் பூட்டியதும் அவன்தான்.

பத்து மணிக்கு வந்தான். "பாயிண்ட் எங்கப்பா போச்சு?" என்றேன்.

"நான்தான்க்கா எடுத்தேன். பின்மண்டையில இன்னா இருக்குது? வழவழன்னு இருக்கிற எடத்துக்கு எதுக்கு அத்தினி பாயிண்ட்டு?"

"சொல்லாம ஏன் எடுத்த?"

"சொன்னா உடுவியா? நீ அடிச்சதாச்சே."

நான் நம்பவில்லை. ஓட்டிக் காட்டச் சொன்னேன். தலை நிற்காமல் திரும்பியது. ஆனால் வாய் திறந்தபோது உதட்டோரம் கன்னத்தையும் சேர்த்து இழுத்தது. வாயைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும்கூட எடுத்துவிட்டிருந்தான். அளவுகளை எழுதிய பழைய நோட்டைத் தேடி மறுபடி ஒவ்வொன்றாக அடித்தால் வெள்ளிக்கிழமைக்குள் முடியாது.

என் பையிலிருந்து ஃப்ளாப்பியை எடுத்தேன். அதில் முழுத் தலையும் இருந்தது. சென்டரை விட்டு ஃப்ளாப்பி வெளியே போகக்கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பான உத்தரவு. அதனால்தான் அவரிடமும் சொல்லவில்லை.

ரஹீம் அதையே பார்த்தான். "எப்ப எடுத்த?"

"போன வெள்ளிக்கிழமை."

"அப்பவே என்னை நம்பலயாக்கா?"

கிழவர் தலையை அவன் திருடிக்கொண்டு போவான் என்று பயந்து, வெளியே கொண்டுபோனது நான்தான்.

வாயையும் கண்ணையும் சுற்றி அறுபது பாயிண்ட் திரும்பப் போட்டோம். பின்மண்டையை அப்படியே விட்டோம். வெள்ளிக்கிழமை கிழவர் ஒழுங்காகப் பேசினார். அந்த வாரம் முழுக்க ரஹீம் என்னிடம் எண்களைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். ஒரு பாயிண்டை எடுக்குமுன் அந்த இடம் அசையுமா என்று பாருங்கள். எடுத்துவிட்டால், பக்கத்தில் இருப்பவரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.