இரண்டாவது சிலிண்டருக்காக ஒரு வாக்குவாதம்

இன்று காலை பழவேற்காடு மீன் ஏலக்கூடத்து வாசலில் ஏழுமலையின் பழைய பெட்ரோல் பிக்கப் நின்றுவிட்டது. பின்னால் இறால் பெட்டிகள். ஐஸ் கரைந்துகொண்டிருந்தது.

பிளக் துடைக்க நான்கு ஒயர்களையும் கழற்றியவர், திரும்ப ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாக மாட்டிவிட்டார். சாவி போட்டால் வெடிச்சத்தம்தான் வந்தது.

போனில் மெக்கானிக் சொன்னார்: "ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு. சிலிண்டருங்க எரியற வரிசை அது, அப்டித்தான் ஒயர மாட்டணும்ணே."

"ரெண்டாவது இன்னா பாவம் பண்ணுச்சு? அத்த ஏன் கடைசில தள்றே?" என்றார் ஏழுமலை.

பெட்டிமேல் கோணி போர்த்திய அவர் மனைவி செல்வி கத்தினார்: "ஏரியில யாரு எப்போ வலை போடறதுன்னு பாடு சீட்டு குலுக்குறோமே, வூட்டு வரிசையிலயா பேரு வருது? போன வாட்டி நீதான் கடைசி. செத்தா பூட்டே? மாட்டுய்யா!"

மாட்டினார். வண்டி கிளம்பியது.

"இருந்தாலும் அதுக்கு மனசு கஷ்டமாத்தான் இருக்கும்" என்றபடி கியர் போட்டார்.

இன்ஜினுக்குள் நியாயம் கேட்கும் டிரைவர் உங்கள் ஊரில் உண்டா?