மருந்து படாத போஞ்சி

என் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்காமல் போனது. வேலை விட்டு வந்ததும் தலைவலி என்று சுருண்டு படுத்துவிடுவார். சும்மாவே எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. வீட்டில் ஒருவர் படுத்துக் கிடந்தால் சுத்தமாக வராது. என்ன காரணம் என்று மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தேன்.

ஒரு நாள் தலவாக்கலைக்கு பஸ்ஸில் போகும்போது, பாதையோரப் பாத்தியில் ஒருவர் கோவா முட்டைக்கோசுக்கு மருந்து அடிப்பதைப் பார்த்தேன். திரும்பி வரும்போது அதே கோவாவை வெட்டி லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. கடை மரக்கறிதான் இந்த மனுசனைத் தின்கிறது என்று அங்கேயே முடிவு கட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் இருந்த சரிவைக் கொத்தினேன். மூன்று பாத்திதான் தேறியது. மாட்டுச்சாணமும், மக்கிய இலைதழையும், அடுப்பங்கரைத் தோலும் துண்டும் போட்டுக் கிளறி, போஞ்சியும் முள்ளங்கியும் ஊன்றினேன். கடையில் விற்கிற உப்புப் பசளை உரம் ஒரு சிட்டிகை கூடக் கிடையாது, மருந்து வாசமே ஆகாது என்று சத்தியம் பண்ணாத குறை. மூன்றாம் நாளே பொறுக்காமல் ஒரு போஞ்சி விதையைத் தோண்டிப் பார்த்தேன்.

"அதத் தூங்க விடேன் புள்ள" என்று அவர் சிரித்தார். அவர் சிரித்து நாளாகியிருந்தது. அதனால் இன்னும் நாலு விதையைத் தோண்டினேன்.

அவர் தேயிலை மலையில் களைப்புல் சாக மருந்து அடிக்கிறவர். பைப்பிலிருந்து தண்ணீர் சுமக்க நான் படும் பாட்டைப் பார்த்து, மலையிலிருந்து வெறுங்கேன் ஒன்று கொண்டுவந்து, மூடியில் ஆணியால் துளை போட்டுக் கொடுத்தார். எங்கள் லயத்தில் அந்தக் கேன் இல்லாத வீடு இல்லை. சாம்பல் போட்டு மூன்று தடவை கழுவி, காலையும் மாலையும் அதில்தான் ஊற்றினேன். கொழுந்து எடுக்கப் போனாலும் மனசு பாத்தியிலேயே நின்றது.

போஞ்சி கொடி விடுகிற நேரத்தில் இலையெல்லாம் சுருண்டது. தண்டு முறுக்கிக்கொண்டு நின்றது. முதலில் பக்கத்துக் காம்பிரா வீட்டு அக்காவின் கோழிகளைத் திட்டினேன். பிறகு அக்காவின் கண்ணைத் திட்டினேன். முந்தின நாள்தான் "நல்லா வருதே" என்று சொல்லியிருந்தார். மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டேன், அக்கா காதில் விழும்படி நாலு வார்த்தையும் சொன்னேன்.

அக்கா வெளியே வந்தார். "எங் கண்ண ஏன் திட்டுற? அந்தக் கேன்ல என்ன மருந்து இருந்திச்சின்னு ஒன் புருசனக் கேளு. எங்க மொளகாக் கன்னும் இப்படித்தான் போச்சி."

எனக்கு முகம் செத்துவிட்டது. மூன்று தடவை கழுவிய கேனுக்கே பயிர் இப்படி என்றால், அதே மருந்தை முதுகில் சுமந்து மலை மலையாக அடிக்கிறவர் உடம்பு என்ன ஆகும்? கோவாவுக்கு மருந்து அடித்தவனை பஸ்ஸிலிருந்தே பார்த்தவளுக்கு, வீட்டுக்குள் இருந்தவர் மேல் வீசிய வாசம் தெரியவில்லை. அது வேலை வாசம் என்று இத்தனை நாளும் இருந்துவிட்டேன்.

அவர் வேலை விட்டு வந்ததும் பாத்திக்கு இழுத்துப் போனேன். குந்தி உட்கார்ந்து ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தார்.

"புல்லு மருந்துதான். கேன்ல ஒட்டியிருக்கும்னு எனக்கு ஒறைக்கவே இல்ல பாரு."

"நாளைக்கி மருந்துக்குப் போகாதீங்க. வேல குடுக்கிற கண்டாக்கையாகிட்ட வேற வேல கேளுங்க."

"கேட்டாச்சி. மாத்த ஆளில்லன்னுட்டாரு."

"எப்பக் கேட்டீங்க?"

"தலவலி வந்த மொத வாரமே."

அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. "தெரிஞ்சிக்கிட்டேவா என்னய இம்புட்டு மண்ணக் கொத்த விட்டீங்க?"

"இதச் சொல்லியிருந்தா நீ சும்மா இருப்பியா?" என்றார். சுருண்ட இலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு மெதுவாக எழுந்தார்.

மறுநாள் காலை வேலை பிரிக்கிற பெரட்டில், கண்டாக்கு அவர் பேரைச் சொல்ல வாயெடுக்கும் முன்பே நான் முன்னால் போய் நின்றேன்.

"அவரு இனி மருந்துக்கு வரமாட்டாருங்கையா."