செய்தித்தாள் மேசை

எனக்குக் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர் வேலை கிடைத்த ஆண்டில் நானும் என் மனைவியும் தஞ்சாவூரில் குடியேறினோம். கழக ஆட்சி வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் குத்தாலம் பக்கத்தவன். அவள் வலங்கைமான் பக்கம். இரண்டுமே பிறர் வயலில் வேலை செய்து வந்த குடும்பங்கள். அப்போது எல்லாம் ஒரே தஞ்சை மாவட்டம்தான். ஆனாலும் மாவட்டத்தின் தலைநகரில் எங்களுக்குத் தெரிந்தவர் என்று ஒருவரும் இல்லை. வாடகை அறையில் பகலெல்லாம் வெக்கை. கோயிலுக்குப் போய் உட்காரலாம். சற்று நேரம் ஆனால் பக்கத்தில் இருப்பவர் ஊரைக் கேட்பார், அடுத்துத் தெருவைக் கேட்பார். கிளை நூலகத்தில் எவரும் எதுவும் கேட்கவில்லை. வாசலில் கையெழுத்திட்டுவிட்டு உள்ளே போனால் மூடும் நேரம் வரை மின்விசிறியின் கீழ் இருக்கலாம். வந்த முதல் வாரத்திலேயே அவள் அதைக் கண்டுபிடித்தாள்.

அவள் சென்ற ஐப்பசியில் காலமானாள். அந்த நூலகத்தைப் பற்றி எழுதும் தகுதி எங்கள் இருவரில் அவளுக்கே அதிகம். எனக்குத் தெரிந்ததை நான் எழுதுகிறேன்.

கூடத்தின் நடுவில் நீளமான மேசை, இருபுறமும் பெஞ்சுகள். நாளிதழ்கள் அங்கேதான் கிடக்கும். ஒரு பத்திரிகையை ஒருவரே முழுதாக வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வார்கள்; படித்து முடித்தவர் அடுத்தவர் முடிக்கும் வரை காத்திருந்து மாற்றிக்கொள்வார். பெண்களுக்கு அலமாரியின் பின்னால் சிறிய மேசை ஒன்று இருந்தது. அதில் வார இதழ்கள் மட்டும் இருக்கும். நீள மேசையில் பெண்கள் உட்காரக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. எவரும் உட்கார்ந்ததும் இல்லை.

தை பிறந்ததும் அவள் ஊரில் சம்பா அறுவடைக் கூலி தொடர்பாகத் தகராறு மூண்டது. கூலி நெல்லைக் கூட்டித் தரும்படி கேட்டவர்களை விலக்கிவிட்டு வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். வயலில் கைகலப்பு, ஒரு வைக்கோற்போர் எரிந்தது, போலீஸ் வந்தது. அவளுடைய அம்மா ஓர் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்: தம்பியைக் காணவில்லை, நீங்கள் இங்கே வர வேண்டாம், தெருவுக்குள் நுழைகிற ஆண்களையெல்லாம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அவளுக்கு அவன் ஒரே தம்பி. நான் கும்பகோணம் சென்று காவல் நிலையத்தில் விசாரித்தேன். அங்கிருந்தவர் தலையை நிமிர்த்தவில்லை. "அப்படி யாரும் இங்க இல்ல சார். பேப்பர்ல வரும், பாருங்க" என்றார்.

அவர் என்னை அனுப்பிவிடுவதற்காகச் சொன்னதை நாங்கள் தேடுவதற்கான வழியாகவே எடுத்துக்கொண்டோம். எங்களால் ஒரு பத்திரிகைதான் வாங்க முடியும். நூலகத்துக்கோ எல்லாப் பத்திரிகைகளும் வந்தன.

மறுநாள் காலை நூலகம் திறந்ததும் இருவரும் போனோம். நான் இன்னும் வாசலில் கையெழுத்திட்டுக்கொண்டிருக்க, அவள் நேராகச் சென்று நீள மேசையின் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தாள். இரு பெஞ்சுகளிலும் இருந்த ஆண்கள் ஒருவர் நீங்கலாக எழுந்துவிட்டார்கள். அவர்களிடம் கோபம் இல்லை. பஸ்ஸில் இடம் விடுவதுபோல் எழுந்து, போக இடமில்லாமல், கையில் ஆளுக்கொரு தாளை விரித்தபடி வரிசையாக நின்றார்கள்.

நூலகர் தன் இடத்திலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன சார், கொடியேத்தமா? எல்லாரும் நிக்கிறீங்க?"

"லேடீஸ் உக்காந்திருக்காங்கல்ல" என்றார் நின்றவர்களில் ஒருவர்.

"அவங்க பாட்டுக்கு உக்காந்திருக்காங்க. நீங்க பாட்டுக்கு உக்காருங்க."

"உக்காருங்கண்ணே" என்றாள் அவள். "பேப்பர் பாக்கத்தான் வந்தேன்."

ஒருவர் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

எதிர்ப் பெஞ்சில் எழுந்திருக்காமல் இருந்தவர் ஒருவரே. மடிப்புக் கலையாத வேட்டி கட்டிய முதியவர். அவர் இல்லாத நேரத்தில் மற்றவர்கள் அவரை மிராசுதார் என்பார்கள். நில உச்சவரம்பு பற்றிய செய்திகளை வரிக்கு அடியில் விரல் வைத்துப் படிப்பார். மாவட்டச் செய்தி வரும் உள்தாள் எப்போதும் அவரிடம்தான் இருக்கும். அவள் அதற்காகக் காத்திருப்பதைக் கண்டு, முதல் நாள் அவரே நீட்டினார்.

"பாருங்கம்மா. எந்தப் பக்கம் நீங்க?"

"வலங்கைமான் பக்கம்." ஊரையும் சொன்னாள்.

"அங்க எந்தத் தெரு?"

"வாய்க்காலுக்குத் தெக்க."

அவருக்கு அது போதுமானதாக இருந்தது. அடுத்த நாளிலிருந்து உள்தாளைப் படித்து முடித்ததும் மேசையின் நடுவில் வைத்தார். அவள் கையில் கொடுக்கவில்லை. அவள் எட்டி எடுத்துக்கொண்டாள். கல்லூரிக்கு நேரமாகும் வரை நானும் பக்கத்தில் இருப்பேன்.

ஒரு வாரம் போல் கழித்துச் செய்தி வந்தது. ஒரு விரற்கடை நீளம். நிலச் சொந்தக்காரரின் பெயர் தலைப்பெழுத்துடன் இருந்தது. எத்தனை வேலி நிலம், எத்தனை வண்டி வைக்கோல் எரிந்தது என்பதெல்லாம் இருந்தன. கடைசி வரியில், இது தொடர்பாகச் சிலர் கைது செய்யப்பட்டுள்ளனர்.

அவள் இருமுறை படித்தாள். "வைக்கலுக்கெல்லாம் கணக்குப் போட்டிருக்கான். ஆளுங்களுக்குப் பேரே கெடையாதா?" என்றாள், குரலைத் தாழ்த்தாமல். நூலகர் நிமிர்ந்தார், அமைதி காக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

அவள் எதிரே திரும்பினாள். "ஐயா, இதுல பேரு போட்டிருக்கவங்க உங்களுக்கு வேண்டியவங்களா?"

அந்தப் பக்கத்து நிலங்களின் சொந்தக்காரர்களில் பலர் தஞ்சாவூரில்தான் குடியிருந்தார்கள். ஆகவே அது குருட்டாம்போக்கில் கேட்ட கேள்வி இல்லை.

"பங்காளி" என்றார் முதியவர்.

"எந்தம்பியக் காணோம். எங்க வச்சிருக்காங்கன்னு தெரியுமாங்க?"

அவர் என்னைப் பார்த்தார். "சாரு காலேஜுல இருக்காரு. அவரு போயி போலீசுல கேக்கலாமே."

"கேட்டேன். பேப்பரைப் பாக்கச் சொன்னாங்க" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை. "பையன் பேரு என்ன?" என்று கேட்டார். அவள் சொன்னாள். அப்பா பெயரையும் கேட்டுக்கொண்டார். "நாளைக்குக் காலைல வாங்க."

மறுநாள் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். கையில் பத்திரிகை இல்லை.

"திருச்சி ஜெயிலு. கையில கட்டுப் போட்டிருக்காம். உசுருக்கு ஒண்ணும் இல்ல."

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "எப்படிங்க தெரிஞ்சுது?" என்றாள்.

"அடையாளம் காட்டுனதே பங்காளியோட காரியஸ்தருதான். அவருகிட்ட கேட்டேன்."

மேசையைச் சுற்றியிருந்த எவரும் ஒரு தாளைக்கூடப் புரட்டவில்லை.

"அடையாளம் காட்டுனவரு, இவன் இல்லன்னும் சொல்லலாமில்லீங்களா?"

"அது என் கையில இல்லம்மா."

"ஒரு வார்த்த கேட்டுப் பாருங்கய்யா."

"கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன்" என்றார் அவர். எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே போனார். அதன் பின் பல நாட்கள் அவரை அங்கே காணவில்லை.

மனு எழுதிக் கொடுத்து அந்த வாரக் கடைசியிலேயே திருச்சிக்குப் போனோம். நடுவில் கம்பி வலை. மறுபுறம் அவன் வந்து நின்றான். இடக்கை கழுத்திலிருந்து தொங்கியது. கன்னத்தில் வீக்கம் வடிந்துகொண்டிருந்தது. முதலில் அவன்தான் பேசினான்.

"நான் இங்க இருக்கேன்னு எப்படிக்கா கண்டுபுடிச்ச? அம்மாவுக்கே தெரியாதே."

"லைப்ரரிலடா."

"எங்க?"

"லைப்ரரில. தெனமும் போயி பேப்பர்ல தேடுனேன்."

அவன் என்னைப் பார்த்தான், நான் தலையசைத்தேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போலீஸ்காரன் வைக்கப்போர எல்லாம் குத்திக் குத்திப் பாத்தான். நீ என்னய லைப்ரரில தேடுனியா?" சிரித்ததில் கன்னம் வலித்திருக்க வேண்டும், நல்ல கையால் பிடித்துக்கொண்டான். அவளும் சிரித்தாள். தை பிறந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

"இது என்ன சினிமாக் கொட்டாயா? பேசிட்டுக் கெளம்புங்க" என்றார் காவலர்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தான் பெஞ்சில் உட்கார்ந்ததும் யார் யார் எழுந்தார்கள், நூலகர் என்ன சொன்னார் என்பதைச் சொல்லத் தொடங்கினாள். முதியவரைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவன் வலையோடு முகத்தை ஒட்டி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். ஜாமீனைப் பற்றிப் பேசுவதற்கு நேரம் இல்லாமல் போயிற்று.